காலி மனை ஏன் காலியாகவே கிடக்கிறது?

வீடு கட்ட இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் கிளம்புகிறார்கள். எவ்வளவு பரப்பு, என்ன விலை. இவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை முதலிலேயே கேட்டால் பாதி அலைச்சல் மிச்சம்: சுற்றிலும் வீடுகள் வந்தாயிற்று, ரோடு வந்தாயிற்று, கரண்ட் கம்பமும் நட்டாயிற்று, இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் இன்னும் காலியாகக் கிடக்கிறது?

பதில் எப்போதும் வில்லங்கமாகத்தான் இருக்கும் என்றில்லை. வாரிசுகளுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது, சொந்தக்காரர் எங்கோ தூரதேசத்தில் இருக்கிறார், அல்லது பேரப்பிள்ளைக்கு ஆகட்டும் என்று வைத்திருக்கிறார் என்பது போன்ற காரணங்களால் நல்ல மனையும் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். ஆனால் விற்பனைக்கு என்று அறிவித்த பிறகும் நீண்டநாள் போகாமல் இருக்கும் இடத்துக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். உங்களுக்கு முன்னால் வந்து பார்த்தவர்களில் யாரோ அதைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சத்தமில்லாமல் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

முதலில் விலையைப் பார்ப்போம். கட்டி விற்கிறவர்கள் மனைக்கு விலை போடும் முறை நம்முடையதற்கு நேர் தலைகீழ். கட்டி முடித்த வீடு அந்தத் தெருவில் என்ன விலைக்குப் போகும் என்று முதலில் எழுதுவார்கள். அதிலிருந்து கட்டுமானச் செலவு, அனுமதிக் கட்டணம், வட்டி, தங்கள் லாபம் எல்லாவற்றையும் கழிப்பார்கள். மிச்சம் என்ன நிற்கிறதோ அதுதான் மண்ணுக்குக் கொடுக்கக்கூடிய தொகை. நாம் என்ன செய்கிறோம்? மனைக்கு ஒரு விலை கொடுத்துவிட்டு அதன்மேல் ஒவ்வொரு செலவாகக் கூட்டிக்கொண்டே போகிறோம், கூட்டல் எங்கே போய் நிற்கும் என்று பாதி சுவர் எழும்பிய பிறகுதான் தெரிகிறது. ஆகவே பக்கத்து மனைகளை விட ஒன்று கணிசமாக மலிவாக இருந்தால், வேறு யாரோ ஏற்கெனவே எதையோ கழித்துப் பார்த்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதைக் கழித்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்கள் வேலை. தெரிந்த பிறகும் கணக்கு ஒத்துவந்தால் தாராளமாக வாங்கலாம். நமக்கு ஒரு அனுகூலமும் உண்டு, லாபம் என்ற இனமே நம் கணக்கில் இல்லை. அதனால் கட்டி விற்பவருக்குக் கட்டுப்படியாகாத சின்ன மனை, கோணல் மனை நமக்குக் கட்டுப்படியாகும்.

பெரும்பாலும் அப்படிக் கழிக்க வைத்த காரணம் ஒளிந்திருப்பது மண்ணுக்கு அடியில்.

ஈரம் பட்டால் ஊதிப் பெருத்து, காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் களிமண் உலகத்தில் பல இடங்களில் உண்டு. நம் ஆட்களுக்குக் கரிசல் என்றால் சட்டென்று புரியும். வீட்டின் ஒரு பக்கம் ஈரமாகவும் இன்னொரு பக்கம் காய்ந்தும் இருந்தால் தரை ஒரே அளவில் ஏறி இறங்காது, சுவர் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் பிளக்கும். 1976-இல் இங்கிலாந்தில் கடும் வறட்சி வந்தபோது தென்கிழக்குப் பகுதியில் களிமண் மேல் நின்ற வீடுகள் ஏராளமாக விரிசல் விட்டன. அதற்குப் பிறகுதான் அங்கே இப்படிப்பட்ட மண்ணில் அஸ்திவாரம் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்பது நடைமுறையானது. மரங்களுக்கும் இதில் பங்கு உண்டு. பெரிய மரம் களிமண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சி அதைச் சுருங்கிய நிலையிலேயே வைத்திருக்கும். மனையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை வெட்டிவிட்டு உடனே கட்டினால், மண் மெல்ல மெல்ல ஈரத்தைத் திரும்பப் பெற்று வருஷக்கணக்கில் மேலே எழும்பும். விற்கிறவர் மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி, பளிச்சென்று காட்டும் மனையில் "இங்கே என்ன மரம் நின்றது, எப்போது வெட்டினீர்கள்?" என்று கேட்பது அசட்டுத்தனமான கேள்வி அல்ல.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மேல்மண்ணை விட்டுவிட்டு ஒரு மீட்டர் ஆழத்திலிருந்து கைப்பிடி மண் எடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உள்ளங்கையால் உருட்டித் திரியாக்குங்கள். மணல் கலந்த மண் என்றால் திரியாகவே வராது, உதிர்ந்துவிடும். மூன்று மில்லிமீட்டர் தடிமன் வரை உடையாமல் நீண்டுகொண்டே போனால் கையில் இருப்பது பசையுள்ள களி. மண் ஆய்வுக்கூடத்தில் களிமண்ணின் குணத்தை அளப்பதும் இதே மூன்று மில்லிமீட்டர் திரியை வைத்துத்தான், அங்கே ஈரப்பதத்தையும் சேர்த்து அளப்பார்கள், அவ்வளவே வித்தியாசம். 

இது எச்சரிக்கைக்கு மட்டும். கட்டுவதற்கு முறையான மண் பரிசோதனைதான் வேண்டும். துளைபோட்டுச் செய்யும் அந்தச் சோதனை பார்ப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும்: 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு ஒரு குழாயை மண்ணுக்குள் இறக்குவார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில் சேராது, அடுத்த 30 செ.மீ. இறங்க சம்மட்டி எத்தனை முறை விழ வேண்டியிருந்தது என்பதுதான் எண். மணலில் இந்த எண் 4-க்குக் கீழே இருந்தால் மிகவும் தளர்ந்த மண், 30-ஐத் தாண்டினால் இறுகிய மண். அறிக்கை வந்ததும் எல்லாரும் கடைசிப் பக்கத்துப் பரிந்துரைக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதை விட முக்கியமாகப் படுவது ஒவ்வொரு துளையின் பதிவுத்தாளும்தான், ஏனென்றால் ஒரு மூலையில் இரண்டு மீட்டரில் கெட்டிமண்ணும் எதிர்மூலையில் ஐந்து மீட்டர் வரை தளர்ந்த மண்ணும் இருந்தால் சராசரி எண்ணைப் பார்த்து ஒன்றும் புரியாது. வீடு சராசரியின் மேல் நிற்பதில்லை. ஒரே துளை போட்டுவிட்டு மனை முழுவதற்கும் சான்று கொடுக்கும் அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

நிரப்பிய நிலம் தனி ரகம். குட்டையை, பழைய மண் எடுத்த பள்ளத்தை, குப்பைக்கிடங்கை நிரவிச் சமப்படுத்தி, மேலே செம்மண் பரப்பிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கோரையும் நாணலும் அங்கங்கே முளைத்திருந்தால், பக்கத்து நிலத்தை விட இது மட்டும் சமதளமாக இருந்தால், தோண்டிய மண்ணில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இதில் இன்றைக்கு நமக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972-இலிருந்து பூமியைப் படம் பிடித்து வருகின்றன, அவை தெளிவு குறைந்தவை, பெரிய நீர்நிலை இருந்ததா என்பதற்குப் போதும். கூகுள் எர்த்தில் காலக்கோட்டைப் பின்னுக்குத் தள்ளினால் பல இடங்களுக்கு இருபது ஆண்டு முந்தைய படங்களே கிடைக்கும். ஒரே ஆண்டின் மழைக்காலப் படத்தையும் கோடைக்காலப் படத்தையும் தேடி எடுத்து ஒப்பிடுங்கள். மனை இருக்கும் இடத்தில் மழைக்காலத்தில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு தெரிகிறதா என்று பாருங்கள்.

நிரப்பிய நிலத்தின் உச்சபட்ச உதாரணம் அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரத்து லவ் கெனால். பாதியில் கைவிட்ட ஒரு கால்வாய்ப் பள்ளத்தில் ஹூக்கர் கெமிக்கல் நிறுவனம் சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து மூடியது. 1953-இல் அந்த நிலத்தை ஒரே ஒரு டாலருக்கு உள்ளூர் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அங்கே அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இதில் என்னை உறுத்துவது விஷம் அல்ல, பத்திரம். கீழே கழிவு கிடக்கிறது, பின்னால் ஏதாவது ஆனால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். அங்கே வீடு வாங்கிய குடும்பங்கள் தங்கள் பத்திரத்தைப் படித்திருந்தாலும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த வரி இருந்தது பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தில். மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போய்ப் படிக்கச் சொல்வது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை.

பத்திரம் என்றதும் இன்னொன்று. பல நாடுகளில் பதிவு அலுவலகம் செய்வது, இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று பதிந்துவைப்பது மட்டுமே. எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதம் தருவதில்லை. இதற்கு மாற்றாகத்தான் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த சட்டம் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை, அதற்கு அரசு பொறுப்பு என்றது. நீங்கள் வாங்கும் இடம் இந்த இரண்டில் எந்த முறையின் கீழ் வருகிறது என்று தெரியாமல் "பதிவாகியிருக்கிறது, கவலை இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

சரி, தண்ணீருக்கு வருவோம். "நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் இங்கே வெள்ளம் வரும்" என்று கேட்டதும் நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. அதன் உண்மையான பொருள் ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். போன வருஷம் வந்துவிட்டது என்பதால் இந்த வருஷம் வராது என்று அர்த்தமில்லை. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் குறைந்தது ஒருமுறையாவது அப்படி ஒரு வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது, அதாவது நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். இதற்கு மேல், சுற்றியிருக்கும் வயல்கள் கான்கிரீட் ஆக ஆக பழைய கணக்கே செல்லாமல் போகும். மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒருமுறை போய் நின்று பாருங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யாருடைய நிலத்தின் வழியாக ஓடுகிறது என்று. வெயில் நாளில் மட்டும் மனை காட்டும் புரோக்கரைக் குறைசொல்லிப் பயனில்லை, அது அவர் தொழில்.

வந்த தண்ணீர் போக வேண்டும் அல்லவா. கழிவுநீர்க் குழாய்க்குச் சாய்வு வேண்டும். நாலங்குலக் குழாய்க்கு வழக்கமாகச் சொல்வது நாற்பதுக்கு ஒன்று. உங்கள் கழிவறையிலிருந்து தெருச் சாக்கடை 40 மீட்டர் தூரம் என்றால் குழாய் ஒரு மீட்டர் இறங்கியாக வேண்டும். மனை ரோட்டை விடத் தாழ்வாக இருந்தால் இந்தக் கணக்கு உதைக்கும், பம்பு வைத்து ஏற்ற வேண்டிவரும், பம்பு நின்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சாக்கடையே இல்லாத இடத்தில் செப்டிக் டேங்க்தான், அதிலிருந்து வெளிவரும் நீரை மண்தான் உள்வாங்க வேண்டும், ஆனால் மேலே சொன்ன அதே களிமண் தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. ஒரு குழியில் நீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சரிவு மனையைப் பற்றிப் பயமுறுத்துகிற அளவுக்கு அது கெட்டதல்ல, காற்றும் பார்வையும் கிடைக்கும். ஆனால் பத்துக்கு ஒன்று சரிவில் பத்து மீட்டர் நீள வீடு வைத்தால் முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மீட்டர் வித்தியாசம். மேல்பாதியை வெட்டிக் கீழ்பாதியில் கொட்டிச் சமமாக்கினால் செலவு குறைவு என்று தோன்றும், பிறகு வெட்டிய பக்கம் கெட்டியாகவும் கொட்டிய பக்கம் புதுமண்ணாகவும் நிற்க, வீடு நடுவில் பிளக்கும். தடுப்புச்சுவர் எழுப்பலாம் என்றால், மண் தள்ளும் விசை உயரத்தின் வர்க்கமாகக் கூடும்: ஒரு மீட்டர் சுவரை இரண்டு மீட்டர் ஆக்கினால் தள்ளுவிசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டு மடங்கு. பின்னால் தேங்கும் தண்ணீருக்கு வடிதுளை வைக்காவிட்டால் அதற்கும் மேல்.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் நான்கு பக்கத்தையும் டேப் வைத்து அளந்துவிட்டுத் திருப்தியாகிவிடுகிறார்கள். 12 மீட்டருக்கு 18 மீட்டர், 216 சதுர மீட்டர், சரியாக இருக்கிறது என்று. நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை சாய்ந்திருக்கலாம். மூலை 90 பாகைக்குப் பதில் 75 ஆக இருந்தால் பக்கங்கள் அதே 12, 18 தான், பரப்பு மட்டும் 209-க்கும் கீழே போய்விடும். மூலைவிட்டங்களை அளந்தால் உடனே பிடிபடும்: மூலைகள் செங்கோணமாக இருந்தால் இரண்டும் 21.63 மீட்டர், சாய்ந்திருந்தால் ஒன்று 18.87, மற்றது 24.08. இரண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை.

பரப்பு சரியாக இருந்தாலும் அதில் கட்டக்கூடியது எவ்வளவு என்பது வேறு. அந்த 12-க்கு 18 மனையில் விதிப்படி முன்னால் 3 மீட்டர், பின்னால் 2, பக்கத்துக்கு ஒன்றரை என்று விடச்சொன்னால் மிஞ்சுவது 9-க்கு 13, அதாவது 117 சதுர மீட்டர். அதே 216 சதுர மீட்டர் 7.2-க்கு 30 என்று ஒல்லியாக இருந்தால் 105 மிஞ்சும், எண்ணளவில் பெரிய நஷ்டமில்லை. ஆனால் அகலம் 4.2 மீட்டர். அதில் மாடிப்படியும் நடைவழியும் போனால் அறை என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கும்? மேலே உயர் அழுத்த மின்கம்பி போனாலோ அடியில் குழாய்ப்பாதை போனாலோ இன்னும் கொஞ்சம் போகும்.

வழி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரோட்டுக்கும் மனைக்கும் நடுவில் வேறு ஒருவருக்குச் சொந்தமான ஒரு முழம் நிலம் இருந்தால் போதும், அவர் வைத்ததுதான் சட்டம். 1961-இல் இங்கிலாந்தில் ஸ்டோக்ஸ் என்பவருக்கும் கேம்பிரிட்ஜ் மாநகராட்சிக்கும் நடந்த வழக்கில், வழி கிடைப்பதால் நிலத்துக்குக் கூடும் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அந்த வழிநிலத்துக்கு உரியதாகத் தீர்ப்பாயம் கணக்கிட்டது. இன்றைக்கும் அங்கே பேரம் பேசுகிறவர்கள் அந்த மூன்றில் ஒரு பங்கிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். "காலங்காலமாக இப்படித்தான் போய் வருகிறோம்" என்பது நடந்துபோக உதவலாம். 25 டன் கான்கிரீட் லாரி வரும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். எழுத்தில் வாங்குங்கள், அகலத்தோடு, வண்டி என்ற சொல்லோடு.

இவ்வளவையும் பார்த்தால் எங்கேதான் தேடுவது? என் கணிப்பில் பலரும் தாண்டிப் போய்விடும் நல்ல மனை, இடிக்கும் நிலையில் உள்ள பழைய வீடு நிற்கும் மனைதான். அங்கே வழி இருக்கிறது, குடிநீரும் கழிவுநீரும் இருக்கின்றன, குடியிருப்புப் பகுதி என்பது நிரூபணமாகிவிட்டது. முக்கியமாக, அந்த வீடே ஒரு மண் அறிக்கை: ஐம்பது வருஷமாக நின்ற சுவரில் எங்கே விரிசல், எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறது, வெள்ளக்கறை எவ்வளவு உயரத்தில் என்று இலவசமாகப் படித்துக்கொள்ளலாம். இடிக்கும் செலவை விலையில் கழித்துப் பேசினால் சரி. அடுத்து, பெரிய தோட்டம் வைத்திருக்கும் வயதானவர்கள். விளம்பரத்துக்கு வராத மனைகள் அங்கேதான் இருக்கின்றன, கதவைத் தட்டிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில அரசுகள் தாங்களே முன்வந்து மனை பிரித்துக் கொடுத்ததும் உண்டு. நெதர்லாந்தின் அல்மேர நகரம் ஹோமெரஸ்க்வார்ட்டியர் பகுதியில் மனைகளைத் தனிநபர்களுக்கு விற்றபோது ஒவ்வொன்றுக்கும் மனைப் பாஸ்போர்ட் என்று ஒரு தாள் கொடுத்தது: எல்லை எது, எவ்வளவு உயரம் போகலாம், எங்கே கட்டலாம் எல்லாம் அதிலேயே இருக்கும். பிரிட்டனில் 2015-இல் வந்த சட்டப்படி, சொந்தமாக வீடு கட்ட மனை தேடுகிறவர்களின் பதிவேட்டை இங்கிலாந்தின் உள்ளாட்சிகள் வைத்திருக்க வேண்டும். நீங்கள் தேடும் இடத்தில் இப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்த மனைப் பாஸ்போர்ட்டில் இருப்பதை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், நிரப்ப முடியாத வரிகள்தான் நீங்கள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்க வேண்டியவை.

பிடித்துவிட்டது என்றால் அப்புறம் அவசரம் தொற்றிக்கொள்ளும், இன்னொருவர் முன்பணத்தோடு நிற்கிறார் என்று போன் வரும். முழுப்பணம் கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனை எழுதச்சொல்லுங்கள்: கட்ட அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும், மண் பரிசோதனை முடிவு ஒத்துவராவிட்டால் விலகிக்கொள்ளலாம். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது இதை வாங்கலாம் என்பேன். அனுமதி விஷயத்தில் சில விற்பனையாளர்கள் தயங்குவார்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும் என்பதால் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு, பேசி நாள் குறித்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் செலவில், ஒரு நாள் வேலையில், இரண்டு துளை போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டும் ஒருவர் கூடாது என்றால், மனை ஏன் காலியாகக் கிடக்கிறது என்று மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை, அடுத்த மனைக்குப் போகலாம்.